சோங்கு பார்க்கும் படலம்

உலகத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், இரண்டுக்கும் நடுவே கூடாரம் அடித்துக் குடியிருக்கிற ஓர் இனமும் இருக்கிறது. அதற்கு வாங்கப்போகிறவர் என்று பெயர்.

பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்று நீங்கள் வாய்தவறிச் சொன்ன மாத்திரத்தில், கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்து, ஆலாபனைக்கு முன் வித்துவான் கண்ணை மூடுவதுபோல ஒரு கணம் மூடித் திறந்து, "நல்லது எண்டு பாத்தால்..." என்று தொடங்குவார். ஜப்பான்காரனின் மோட்டாரை ஏற்றி, கொரியாக்காரனின் கதவு ரப்பரை இறக்கி, பிறகு ஏற்றியதை இறக்கி இறக்கியதை ஏற்றி, "எதுக்கும் அவசரப்படாதேங்கோ" என்று அவர் முடிக்கும்போது உங்கள் வீட்டுப் பால் திரிந்திருக்கும். இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் காசின்மேல் காதல், இவருக்குப் பொருளின்மேல். முடிவெடுக்கத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் அசைக்க முடியாத கருத்து வைத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வைத்திருப்பார், அவ்வளவுதான்.

பிறகு ஏன் வாங்குவதில்லை? அதைத் தெரிந்துகொள்ள, சிட்னியில் நார்த்மீட் பக்கம் வசிக்கும் அருந்தவன் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கப்போன கதையைக் கேட்க வேண்டும்.

அருந்தவன் பொறியியலாளர். ரயில் பாலங்களில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று தட்டித் தடவிப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இராது. கலியாணமான புதிதில் மெத்தை வாங்கப்போன மனிதர், ஸ்பிரிங்கா பஞ்சா ரப்பரா என்று ஆராய்ந்து முடிப்பதற்குள், அவருடைய மனைவி யோகா தன் கூறைச்சேலை நீங்கலான மற்ற எல்லாச் சேலைகளையும் அடுக்கி விரித்து அதன்மேல் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டாள். யோகா தாதி. நாள் முழுதும் ஆட்களின் நாடி பிடித்துப் பார்த்து நின்ற நிலையில் முடிவெடுக்கிறவள். இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் சோதிடர் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைத்தார்.

அருந்தவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கிலிருந்து படித்தவர் சிறி. சிங்கிள்டன் தாண்டி ஓடைக்கரையில் கொஞ்சம் நிலம் வாங்கி, பிளாக்டவுன் கடைகளுக்கு வெண்டிக்காயும் பூசணியும் பயிரிட்டுக்கொடுப்பது சிறியின் பிழைப்பு. அந்த நிலத்துக்குத்தான் காட்டுப் பன்றிகள் வந்தன. வந்தால் ஓரமாக நின்று கடித்துவிட்டுப் போகிற நாகரிகம் பன்றிகளிடம் இல்லை. உழவு இயந்திரம் போனதுபோல் கிண்டிவிட்டுப் போயின. சிறியின் வலது தோளில் ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்திருந்தது; துவக்கின் உதை தாங்காது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

"பக்கத்துப் பண்ணைக்காரன் சுட்டுத்தாறன் எண்டு சொல்லுறான். அவனைத்தான் கூப்பிடப்போறன்" என்று சிறி தொலைபேசியில் சொன்னபோது, அருந்தவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேற ஆக்களை ஏன் கூப்பிடுறாய்? நான் இருக்கிறன்தானே மச்சான்!"

இப்படித்தான் தொடங்கியது. குசினியிலிருந்து யோகா அகப்பையோடு வெளியே வந்தாள்.

"துவக்குக்குப் பயந்து, கடல் கடந்து, காடு கடந்து வந்த ஆள், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப்போறாராம். ஊரில சொன்னால் சிரிப்பினம்."

"இது பண்டி சுடுறதுக்கு, யோகா."

"அப்ப பண்டியளும் எங்களை மாதிரி அகதியாப் போகட்டும்."

அருந்தவன் அசையவில்லை. பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், சோதனையில் தேறினார், வேட்டைச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார், லைசென்ஸ் எடுத்தார். சங்கத்துத் துவக்கால் குறிபார்த்துச் சுட்டதில் மனிதருக்குக் கை நடுங்கவேயில்லை, அட்டையின் நடுவிலே ஓட்டை விழுந்தது. சட்டப்படி வைக்கவேண்டும் என்று இரும்புப் பெட்டகம் ஒன்றை வாங்கிக் கராஜ் சுவரில் முடுக்கியும் ஆயிற்று. எல்லாம் ஆனபிறகு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. துவக்கு.

மலிவாகவும் இருக்க வேண்டும், மட்டமாகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வெடிக்கும் பக்கத்துக் கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் ரகம்தான் சட்டத்துக்கும் சரி, சட்டைப்பைக்கும் சரி. அந்த ரகத்திலேயே சந்தையில் ஒரு மணமகன் பட்டாளம் நின்றது. பின்லாந்துக்காரனுக்கு போல்ட் வெண்ணெய்போல் வழுக்கும், விலை கொஞ்சம் விறைப்பு. அமெரிக்கக்காரன் குறி தவறமாட்டான், ஆள் கொஞ்சம் முரடு. துருக்கிக்காரன் பார்வைக்கு ராஜகுமாரன், சொந்தக்காரர்களைப் பற்றி அதிகம் தெரியாது. அருந்தவன் வேலையிடத்துச் சாப்பாட்டு நேரத்தில் துருக்கிக்காரனோடு பழகினார், ரயிலில் பின்லாந்துக்காரனோடு, குளியலறையில் அமெரிக்கக்காரனோடு. "எவ்வளவு நேரம் உள்ளுக்கு?" என்று யோகா கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளே அவருடைய போனிலிருந்து ஒருவன் ஆங்கிலத்தில் குழலின் சிறப்பைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருப்பது கேட்கும்.

ஒருவழியாகக் குழலில் ஒரு தெளிவு பிறந்த வேளையில்தான் அவர் சோங்கைக் கண்டுபிடித்தார்.

சோங்கு என்றால் துவக்கின் பின்கட்டை. தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தை வைத்துக் குறிபார்க்கிற பகுதி. நாங்கள் எல்லாரும் அதைத் துவக்கின் மிச்சம் என்று நினைத்திருப்போம். அருந்தவனோ அதுதான் துவக்கு, மற்றதெல்லாம் அதில் மாட்டியிருக்கும் இரும்பு என்ற ஞானத்தை அடைந்தார். வால்நட் மரத்தில் செய்தது கண்ணைப் பறிக்கும். மழை ஈரம் குடித்தால் ஊதிப்போய்க் குழலை நெருக்கும், நெருக்கினால் குறி விலகும். பிளாஸ்டிக்கில் செய்தது மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. தட்டினால் வெறும் வாளிபோல் சத்தம் போடும், இறுக்கிப் பிடித்தால் நெளியும். மரத் தகடுகளை ஒட்டிச் செய்தது ஈரத்துக்கும் அஞ்சாது, நெளியவும் செய்யாது. தூக்கிக்கொண்டு நடந்தால், கனத்தில் பன்றிக்கு முன் நாம் விழுந்துவிடுவோம். சொல்லுங்கள், ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பின்பக்கத்தில் துவாய் சுற்றித் தோளில் வைத்துப் பார்த்தார். ஒரு துவாய் சுற்றினால் ஒரு நீளம், இரண்டு சுற்றினால் இன்னொரு நீளம். கொல்லைப்புறக் கோடியில் உடுப்புக் காயப்போட்ட பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண், தும்புத்தடியைக் கன்னத்தில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடியிருந்த மனிதரைப் பார்த்து, காயாத உடுப்பையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த இனத்தைப் பற்றி ஒரு முக்கிய விஷயம். தனியாக இருக்கும்போது இது அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டு சேர்ந்தால்தான் திருவிழா. அருந்தவனுக்குக் கிடைத்த இரண்டாவது ஆள் பார்த்தசாரதி. அதே அலுவலகம், சென்னைக்காரர், முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகிறவர், எறும்பு வந்தால் வழிவிடுகிறவர். துவக்குக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒப்பிடுவதற்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"சோங்குன்னா ஸ்டாக்தானே சார்? ராத்திரி பூரா படிச்சேன். மரம்தான் சார் அழகு. மத்ததெல்லாம் பக்கெட்டு."

"மழையில ஊதுமே, பார்த்தசாரதி."

"எண்ணெய் போட்டுத் தொடைச்சா ஊதாது சார். ஆனா அந்த எண்ணெயிலயே நாலு வகை இருக்கு..."

"நாலோ?" என்றார் அருந்தவன். அவர் முகத்தில் அப்போது தோன்றியது, அவர் மகள் பிறந்த அன்று யோகா பார்த்த அதே ஒளி.

சனிக்கிழமைதோறும் இருவரும் துவக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கெவின் நல்ல மனிதர். முதல் மாதம் கைகுலுக்கி வரவேற்றார். இரண்டாம் மாதம் தலையாட்டினார். அதற்குப் பிறகு இவர்களுடைய கார் வந்து நிற்பதைக் கண்டால் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அருந்தவன் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. ஒவ்வொரு துவக்காக இறக்கி, ஐந்து டொலர் நோட்டு ஒன்றை எடுத்து, குழலுக்கும் சோங்குக்கும் நடுவே செருகி, நுனியிலிருந்து அடிவரை இழுத்துப் பார்ப்பார். நோட்டுத் தடையில்லாமல் ஓடினால் குழல் சுதந்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஓடினால் மகிழ்வார், எங்கேயாவது சிக்கினால் இன்னும் மகிழ்வார். பார்த்தசாரதி பக்கத்தில் நின்று, "சார், கொஞ்சம் எடது பக்கம் ஒரசுது" என்று நாடி பார்ப்பார். இதைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் அருந்தவனைத்தான் கடைக்காரர் என்று நினைத்து யோசனை கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கு எல்லாம் அருந்தவன் அன்போடு சொன்னார். வாங்க வந்தவர்கள் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். கெவின் பின்னறைக் கதவிடுக்கால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

இதற்குள் அங்கே என்ன நடந்தது? முதல் வருடம் சிறியின் வெண்டி போயிற்று. அடுத்த வருடம் போட்ட கச்சான் கடலை போயிற்று. துவக்கு வாங்குவதற்குப் பொலிசார் கொடுக்கும் அனுமதித் தாளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. அருந்தவன் அதை எடுப்பதும், அது காலாவதியாவதும், திரும்ப எடுப்பதுமாக, கோயில் அர்ச்சனைச் சீட்டுப்போல ஆக்கிவிட்டார். சிறி கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கொண்டிருக்கிறன் மச்சான், கிட்ட வந்திட்டன்" என்றார். கராஜில் பெட்டகம் வெறுமையாகக் கிடப்பதைப் பொறுக்காமல், யோகா அதற்குள் முறுக்கு நிறைத்த தகரப் பேணிகளை வைத்துப் பூட்டினாள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத அப்படியொரு இடம் அந்த வீட்டில் வேறு இல்லை.

மூன்றாம் வருடம் பூசணி. பிளாக்டவுன் கடைக்காரர் ஒருவர் முழு விளைச்சலையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். காய் திரண்டு நிறம் மாறத் தொடங்கியபோது ஓடைப் பக்கத்து வரிசையில் குளம்புத் தடம் தெரிந்தது. சிறி தொலைபேசி எடுத்தார். குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் அருந்தவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அருந்தவன், வாற சனிக்கிழமை வாறாய் எண்டால் வா. இல்லாட்டி என்ர நம்பரை உன்ர போனில இருந்து அழிச்சுப்போடு."

இருவருக்கும் இடையே அப்படி ஒரு வசனம் இதற்கு முன் வந்ததில்லை. அன்று மாலையே யோகா கார்ச் சாவியை எடுத்தாள். போகிற வழியில் பார்த்தசாரதியையும் ஏற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் தன் வீட்டு வாசலில் தயாராக நின்றார்.

கடையில் கடைசியாக இரண்டு துவக்குகள் மேசைக்கு வந்தன. ஒரே கம்பெனி, ஒரே குழல், ஒரே போல்ட். ஒன்றுக்கு மரச் சோங்கு, மற்றதுக்குப் பிளாஸ்டிக். அருந்தவன் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார், கீழே வைத்தார், மற்றதைத் தூக்கினார். யோகா சுவரில் தொங்கிய மான் தலையைப் பார்த்தாள். மான் தலையும் அவளை அனுதாபத்தோடு பார்த்தது.

"இரண்டில ஒண்டை எடுங்கோ அப்பா."

"எடுக்கிறன். மரம் வடிவுதான்..."

"அப்ப மரத்தை எடுங்கோ."

"மழை பெய்தால்?"

"அப்ப மற்றதை எடுங்கோ."

"நெளியுமே."

"மேடம், அவசரப்படக் கூடாது மேடம்" என்று பார்த்தசாரதி வாயெடுத்தார். யோகா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் தோள்பையில் இருந்த தயிர்ச்சாதம்கூடக் கெட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து, மூன்று வருடத்து முன்னேற்றத்தால் நெகிழ்ந்துபோன கெவின் பின்னறையிலிருந்து வெளியே வந்து, மனம் நிறைந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"அடுத்த மாதம் புதுச் சோங்கு ஒன்று வருகிறது, மேட். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்."

அருந்தவனின் கை மேசையிலிருந்து மெல்ல விலகத் தொடங்கியது. யோகா அந்தக் கையைப் பிடித்தாள். நாடி பிடிக்கிற பிடி. மற்றக் கையால் அவர் சட்டைப்பையிலிருந்து வங்கி அட்டையை உருவிக் கெவினிடம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். விரல் பிளாஸ்டிக்கில் போய் நின்றது.

வாங்கியாயிற்று! கெவின் கடை வாசல்வரை வந்து கையசைத்தார். காருக்குள் அருந்தவன் ஐந்து டொலர் நோட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பரிசோதனை முடிந்து பாலம் திறந்துவிட்ட பொறியியலாளரின் சோகம் அது. "மரத்தை எடுத்திருக்கலாமோ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். பின்சீட்டில் பார்த்தசாரதி பெருமூச்சு விட்டார். முறுக்குப் பேணிகள் வெளியேற்றப்பட்டு, துவக்கு பெட்டகத்துக்குள் போயிற்று.

சனிக்கிழமை விடியும் நேரத்துக்குச் சிறியின் நிலத்தில் எல்லாரும் இருந்தார்கள். பார்த்தசாரதி பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட வேட்டைக்காரக் காற்சட்டை வாங்கி அணிந்திருந்தார். (அது ஒரே நாளில் வாங்கியது. அதை ஒப்பிட நேரம் கிடைக்கவில்லை என்று வழியெல்லாம் வருந்தினார்.) நெற்றியில் சந்தனம்.

"ஐயா, பண்டிக்குக் கண்ணை விட மூக்குத்தான் பெரிசு. உந்தச் சந்தனத்தைத் துடையுங்கோ" என்றார் சிறி.

வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மூன்று ஆண்களும் படுத்துக்கொண்டார்கள். யோகா பின்னால் தகரக் கொட்டிலில் தேத்தண்ணி வைத்தாள். வெளிச்சம் நன்றாகப் பரவிய நேரம், ஓடைப் பக்கத்துப் புல் அசைந்தது. முதலில் ஒரு கருப்புக் கடுவன், கட்டிலளவு ஆண்பன்றி. அதன் பின்னால் ஒரு தாய், அதன் பின்னால் குட்டிகள், கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. நேரே பூசணிக்கு வந்தன. பூசணி உடைகிற சத்தம் கொட்டில்வரை கேட்டது.

அருந்தவன் சோங்கைத் தோளில் வைத்தார். அடடா, பொருந்தியது! மூன்று வருடமாகத் தேடிய பொருத்தம், யோகாவின் மூடிய கண்ணுக்குக் கிடைத்திருந்தது. கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. துவக்கின்மேல் பூட்டிய ஸ்கோப் கண்ணாடிக்குள் கடுவன் பக்கத்து வீட்டுக்காரர்போல நெருங்கி நின்றது.

"சுடடா" என்று சிறி கிசுகிசுத்தார்.

"எதை?"

"எதையாவது!"

"முன்னுக்கு நிக்கிறது பெரிசுதான். ஆனா தாயை விட்டால் திரும்பவும் குட்டி போடும். தாயைச் சுட்டால் கடுவன் எங்கால ஓடுமோ தெரியாது..."

"டேய்!"

"சார்" என்றது மறுபக்கத்துக் கிசுகிசுப்பு. "அந்த மூணாவதைப் பாருங்க, ஆங்கிள் நல்லா இருக்கு. ஆனா நாலாவது இன்னும் கொஞ்சம் திரும்பினா..."

"ஓம், நாலாவது திரும்பினால் நல்லம்தான்."

நாலாவது திரும்பவில்லை. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஸ்கோப் கடுவனிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து திரும்பக் கடுவனுக்கும் போய்வந்தது. ஒரு வரிசைப் பூசணி முடிந்து அடுத்த வரிசை தொடங்கியது. சிறி வாயில் துவாயைத் திணித்துக்கொண்டு தரையில் குத்தினார்.

கொட்டிலில் நின்ற யோகாவுக்கு முழுக் காட்சியும் தெரிந்தது. வைக்கோலுக்குப் பின்னால் மூன்று முதுகுகள், முன்னால் பந்தியில் இருப்பதுபோல் பன்றிகள். ஒரு கணம்தான் நின்றாள். பிறகு தேத்தண்ணிப் பானையின் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, "போ! போ! மூதேசியளே, போ!" என்று கத்தியபடி, வேலைச் சப்பாத்தோடு பூசணிக் கொடிகளுக்குள்ளால் ஓடினாள். அவள் கால் வைப்பதற்கு முன்பே அருந்தவன் போல்ட்டை இழுத்து தோட்டாவை வெளியே எடுத்துத் துவக்கைத் தரையில் வைத்துவிட்டார். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

கடுவன் தலை நிமிர்ந்தது. வாழ்க்கையில் எத்தனையோ துவக்கைப் பார்த்திருக்கும், கரண்டியோடு ஓடிவரும் தாதியைப் பார்த்ததில்லை. வாயில் பூசணித் துண்டோடு திரும்பி ஓடியது. தாய் ஓடியது, குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடின. ஓடைத் தண்ணீர் சிதறிய சத்தம் கேட்டது. பார்த்தசாரதி எழுந்து நின்று கைதட்டினார்.

யோகா மூச்சு வாங்க வந்து வைக்கோல் கட்டில் உட்கார்ந்தாள். அருந்தவன் எழும்பவில்லை.

"உங்களுக்குச் சுட விருப்பமில்லை. என்ன?"

அவர் கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினார். "ஓம்" என்றார்.

"எப்ப இருந்து?"

"முதல் நாளில இருந்து. அட்டையில சுடேக்க ஒண்டும் தெரியேல்லை. இப்ப கண்ணாடிக்குள்ளால பாத்தனான். பூசணியைக் கடிச்சுப்போட்டு உந்தக் கடுவன் கண்ணை மூடிச்சுது, யோகா. ருசியில."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சிறியெல்லோ கேட்டவன். இல்லை எண்டு என்னண்டு சொல்லுறது?"

சிறிக்கு இதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. "நான் எங்கயடா கேட்டனான்? நீயெல்லோ நிண்டு வாக்குக் குடுத்தனி! இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பக்கத்துக்காரனைக் கூப்பிட்டிருப்பன். வெண்டி இருந்திருக்கும். கச்சான் இருந்திருக்கும். நீ கூட இருந்திருப்பாய். மூண்டு வருசமா உன்னோட பேசினதெல்லாம் துவக்குக் கதைதானேடா."

அருந்தவன் எழுந்து வந்து சிறியின் முன்னால் நின்றார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டார். "பிழைதான் மச்சான்" என்றார். "நல்லதைத் தேடினன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இல்லை. நாளைத்தான் தள்ளிக்கொண்டிருந்தனான்."

இதோ, நாம் கேட்ட கேள்விக்குப் பதில். வாங்கப்போகிறவர் சிறந்ததைத் தேடுகிறார் என்று ஊரெல்லாம் நம்புகிறது, அவரும் நம்புகிறார். ஓம் என்று சொல்லவும் மனமில்லை, இல்லை என்று சொல்லவும் நாவில்லை. இரண்டுக்கும் நடுவே வெயில் படாத, மழை படாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய் இரண்டு சோங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வருடக்கணக்கில் சௌகரியமாக இருக்கலாம். பூசணிதான் பாவம்.

சிறி உடைந்த பூசணி ஒன்றைக் காலால் உருட்டினார். அவருக்குச் சிரிப்பு வரப்போகிறதா அழுகை வரப்போகிறதா என்று அவருக்கே தெரியாத அந்த நேரத்தில், பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார்.

"எலெக்ட்ரிக் வேலி போட்டா என்ன சார்? லேசா ஷாக் அடிச்சா பன்னி வராதாமே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. சிறியின் முகம் மலர்ந்தது. யோகாவின் முகம் மலர்ந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அருந்தவனின் முகத்தைப் பார்த்து நடுங்கினார்கள். அந்த முகம் ஒளிவிடத் தொடங்கியிருந்தது.

"வேலியிலயும் பாருங்கோ," என்றார் அருந்தவன், கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து. "சூரிய சக்தியில ஓடுறது ஒண்டு இருக்கு, பற்றறியில ஓடுறது ஒண்டு இருக்கு. நல்லது எண்டு பாத்தால்..."

"யோகா, ஏறு பிக்கப்பில!" என்று அலறினார் சிறி.

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு சிங்கிள்டன் பக்கம் பறந்தது. அந்த ஓடைக்கரையில் போனில் இணையம் பிடிக்காது என்பது கடவுள் செய்த உதவி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர்கள் திரும்பிவந்தபோது வண்டியில் வேலிச் சாமான் முழுவதும் இருந்தது. பண்ணைக் கடையில் முதலில் கண்ணில் பட்டது எதுவோ அது. அருந்தவன் அட்டைப் பெட்டியைத் திருப்பி வாசிக்கத் தொடங்குவதற்குள் யோகா அதைக் கிழித்துவிட்டாள். அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை மனிதர் முளை அடித்தார். நன்றாகவே அடித்தார். ஒரு முளையும் சாயவில்லை. பார்த்தசாரதி கம்பியில் கை வைத்து, மின்சாரம் வருகிறது என்பதை முதன்முதலாக உறுதிசெய்தார். அவருடைய அந்தக் கூச்சல் ஓடைக்கு அப்பால் வரை கேட்டிருக்கும்.

வேலிக்குப் பன்றிகள் இரண்டொரு முறை மூக்கைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. மிஞ்சிய பூசணி பிளாக்டவுனுக்குப் போயிற்று. சிறி முதல் காயை நார்த்மீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். இரண்டு நண்பர்களும் அன்று துவக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டார்கள். சில வாரம் கழித்து, தமிழ்ச் சங்கத்தில் பொருளாளராக வரச்சொல்லிக் கணேசலிங்கம் அங்கிள் கேட்டபோது, அருந்தவன் நின்ற இடத்திலேயே, "இல்லை அங்கிள், ஏலாது" என்றார். யோகாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்று பாயசம் வைத்தாள்.

துவக்கு கெவினின் கடைக்கே விற்பனைக்குப் போயிற்று. ஒரே ஒரு காலை மட்டும் பயன்பட்டது, ஒருமுறைகூடச் சுடாதது. மெல்பேர்னிலிருந்து ஒருவர் அதைக் கேட்டு அருந்தவனோடு தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். சோங்கைப் பற்றி விரிவாகக் கேட்டார். இவரும் விரிவாகச் சொன்னார். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எனவே, வாசகரே, இந்த இனத்தைக் கண்டால் ஒதுங்கி நில்லுங்கள். உங்களுக்கு அந்தக் குணம் இல்லை என்பது தெரிந்ததே. நீங்கள் எதையும் உடனே முடிவெடுக்கிறவர். ஆனாலும் ஒரு சந்தேகம். இந்தப் புத்தகத்தை நீங்கள் இன்னும் காசு கொடுத்து வாங்கவில்லை என்றும், கடைத் தட்டின் முன்னால் நின்றபடியே இந்தப் பக்கம்வரை வாசித்துவிட்டீர்கள் என்றும், இடது கையில் வேறொரு புத்தகத்தைப் பக்கத்தில் விரலைச் செருகிப் பிடித்திருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. தப்பாக நினைக்காதீர்கள். கல்லாவில் இருக்கிறவர் பின்னறைக்கு எழுந்து போகப் பார்க்கிறார், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.